மிதிச்சா மலை வருது

கரட்டுப்பட்டிக்கு மலை வந்த கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் மலையிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அது தப்பு. ஜீப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை, விடிந்தும் விடியாமலும் இருக்கிற நேரத்தில், சன்னாசியின் ஜீப் முதல் வளைவில் நின்று தொண்டை கிழியக் கத்தியதும், கத்திய கத்தில் சாலையோரத்துக் காக்காய்கள் எல்லாம் எழுந்து போனதும், அவ்வளவு கத்தியும் வண்டி ஒரு சாண்கூட ஏறாததும்தான் முதலில் நடந்தது. மலை அப்புறம்.

ஜீப்பில் பதினாலு பொம்பளைகள் இருந்தார்கள். மலை மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பழம் எடுக்கப் போகிறவர்கள். ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்து, தூக்குவாளியைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, தினமும் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, தினமும் பதினேழும் இறங்கி வருகிறவர்கள். அவர்கள் இறங்கினார்கள், சன்னாசியைத் திட்டினார்கள், வண்டியைத் திருப்பினார்கள், கடலைக்காட்டுக்கு நடுவே போகிற ரோட்டில் ரெண்டரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்து போதும்பொண்ணு பட்டறையில் விட்டார்கள்.

போதும்பொண்ணு நாலாவது பெண். அதற்கு மேல் பெண் வேண்டாம் என்று சாமிக்குத் தெரியட்டும் என்று வைத்த பேர். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள், யாரும் விரட்டவில்லை. "எக்ஸோட மதிப்பைத் தினமும் புதுசாக் கேக்குறீங்களே, நேத்துக் கண்டுபிடிச்சதை எங்கயாச்சும் எழுதி வெச்சா என்ன" என்று வாத்தியாரிடம் கேட்டுவிட்டு வந்தவள் அப்புறம் போகவில்லை, அவ்வளவுதான். இப்போது அவளுக்கு இருபத்தாறு வயது, மலையேறுகிற ஜீப்புகளில் பாதிக்கு மேல் அவள் கைபட்டுத்தான் ஏறுகின்றன.

அந்தச் செவ்வாய்க்கிழமை அந்த ஜீப்பின் ரெண்டாவது நடையில் அவளும் போவதாக இருந்தது. மூன்றாவது பெண்ணான ஈஸ்வரி மலை உச்சியில், பதினேழாம் வளைவுக்குப் பக்கத்தில், தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களுக்குக் கட்டின வரிசை வீட்டில், குடியிருக்கிறாள், ஒன்பது மாசம். பிரசவத்துக்கு அவளைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் ஈஸ்வரி ஜீப்பில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒன்பதாம் மாசத்தில் ஜீப்பில் இறங்கி வரும்போது ஒன்பதாம் வளைவில் வலி வந்து, அங்கேயே, பாறையோரத்தில், பிள்ளை பிறந்து, அழாமலே போய்விட்டது. "நடந்து வேணா வர்றேன், ஜீப்பில ஏற மாட்டேன்" என்று போனில் சொன்னாள். இருபத்திரண்டு கிலோமீட்டர். ஒன்பது மாசத்துக்காரி. கையைப் பிடித்து உட்கார வைத்துக் கூட்டி வரலாம் என்றுதான் போதும்பொண்ணு கிளம்பி நின்றாள், அதற்குள் ஜீப்பே பட்டறைக்கு வந்துவிட்டது.

"என்ன மாமா பண்ணுனீங்க?" என்றாள் சன்னாசியைப் பார்த்து.

"ஒண்ணும் பண்ணல. ரேஸ் ஏறுது, வண்டி ஏறல."

"ஒண்ணும் பண்ணாம ஒரு வண்டியும் நிக்காது."

சன்னாசி தலையைக் குனிந்துகொண்டார். ஐம்பது வயசு ஆள், இருபத்தஞ்சு வருஷமாக அதே ரோடு. டிரைவர்கள் எல்லாரும் டாக்டரிடம் குடியை மறைக்கிற மாதிரி மெக்கானிக்கிடம் எதையாவது மறைப்பார்கள் என்பது போதும்பொண்ணுக்குத் தெரியும். அதனால் அவரை விட்டுவிட்டு வண்டியிடம் கேட்டாள்.

ரேஸ் ஏறி வண்டி ஏறவில்லை என்றால் முதல் சந்தேகம் க்ளட்ச் பிளேட் மேல்தான். இன்ஜின் சுற்றுகிற சுற்றைப் பிடித்துச் சக்கரத்துப் பக்கம் கொடுக்கிற தட்டு அது. தேய்ந்தால் பிடிக்காது, வழுக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மூணாவது கியரைப் போட்டு, க்ளட்சை மெதுவாக விட வேண்டும். பிளேட் நல்லா இருந்தால் இன்ஜின் முக்கிச் செத்துப் போகும். சாகாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் போச்சு. பிழைத்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் சாகடித்துப் பார்க்கிற சோதனை அது ஒன்றுதான்.

இன்ஜின் சாகவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தாள், கத்தியது. இன்னும் மிதித்தாள், கூரைத் தகரம் அதிர்ந்தது. ஆனால் பிளேட் வழுக்கினால் வர வேண்டிய கருகல் வாசம் வரவில்லை. பாசியும் ஈரமண்ணுமாக, மழை விட்ட காட்டு வாசம் வந்தது.

வெளியே புளியமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த காமுத்தாயி, ஜீப்பில் முன் சீட்டுக்கு உரிமை உள்ள மூத்தவள், சோற்றுக் கையோடு எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"ஏத்தா போதும்பொண்ணு, நீ மிதிச்சா மலை வருது. மெதுவா மிதி, அங்ஙன ஆடு மேயுது."

போதும்பொண்ணு வெளியே வந்து பார்த்தாள். மலை வந்திருந்தது. எப்போதும் நீலமாகத் தெரிகிற மலை பச்சையாகத் தெரிந்தது, பச்சையில் மரம் மரமாகத் தெரிந்தது, முதல் வளைவில் நடப்பட்டிருக்கிற வழிவிட்டான் சாமி கல்லில் பூசின மஞ்சள்கூடத் தெரிந்தது. நிழல் பெருமாயக்கா கடலைக்காட்டைத் தாண்டி நின்றது. ஆடுகள் தலையைத் தூக்கி ஒரு தரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்துவிட்ட புல்லை மேயப் போயின.

அவள் உள்ளே போய் மறுபடியும் மிதித்தாள். காமுத்தாயி, "வருது" என்றாள். காலை எடுத்தாள். "நின்னுருச்சு" என்றாள் காமுத்தாயி.

அதோடு விடவில்லை, அவள் அப்படி விடுகிறவள் இல்லை. அன்று மத்தியானமே கியர்பாக்ஸை இறக்கினாள், பிளேட்டைக் கழற்றினாள், வெளிச்சத்தில் பிடித்தாள். புது அப்பளம் மாதிரி இருந்தது. தேய்மானம் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, ஸ்பிரிங் எல்லாம் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தன. துடைத்து மாட்டினாள். மிதித்தாள். மலை வந்தது.

அப்புறம் ஊர் அந்த மலையோடு குடித்தனம் பண்ண ஆரம்பித்தது, வேறென்ன செய்யும்.

நடுவில் இருந்த நிலமெல்லாம் என்ன ஆனது என்று முதலில் கேட்டவள் பெருமாயக்காதான். அவள் காடு காணாமல் போகவில்லை. சேலையில் கொசுவம் வைக்கிற மாதிரி மடிந்து மடிந்து உள்ளே போயிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு முழம் அகலம்தான், ஆனால் உடம்பை ஒருச்சாய்த்து உள்ளே நுழைந்தால் அதே ஒண்ணேகால் ஏக்கர், அதே கடலைச் செடி, வெயில் மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது. ரெண்டு நாளில் எல்லாரும் ஒருச்சாய்த்து நுழையப் பழகிக்கொண்டார்கள். மேலத்தெருவில் இருபத்துமூணு வீடு மடிப்புக்குள் போனது, அந்த வீடுகளில் பகலிலும் லைட் போட வேண்டியிருந்தது, மற்றபடி புகார் இல்லை. விருந்தாளிகள்தான் வாசலைக் கண்டுபிடிக்க முடியாமல் தெருவில் நின்று போன் பண்ணினார்கள்.

மேகம் ஊருக்குள் வந்தது. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் நாய் படுத்திருக்கிற மாதிரி மேகம் படுத்திருக்கும், காலால் லேசாகத் தள்ளினால் நகர்ந்து பக்கத்து வீட்டுக்குப் போகும். துணி காயவில்லை. வற்றல் போட்டவர்கள் வற்றலை எடுத்து மறுபடியும் குழம்பில் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் காலில் அட்டை ஏறியது, உப்புப் பொட்டலம் இல்லாமல் வரக்கூடாது என்று தலைமையாசிரியர் சுற்றறிக்கை விட்டார். தலையாரி ஒரு நோட்டில் தினமும் மலை எங்கே நிற்கிறது என்று குறித்தார், மூணாம் நாள் எழுதுகிற பலகையையே ஏழடி பின்னால் நகர்த்த வேண்டி வந்ததால் விட்டுவிட்டார். தோட்டத்துப் பொம்பளைகளுக்குத்தான் கொண்டாட்டம். ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார வேண்டாம், உயிரைக் கையில் பிடிக்க வேண்டாம், செருப்பை மாட்டிக்கொண்டு குறுக்குப் பாதையில் நடந்தே ஏறிப் போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் வந்தார்கள்.

வழியில் போகிறவர்கள் பட்டறை முன்னால் நின்று, ஆள் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்கிற குரலில், "இன்னைக்கு மிதிப்பியா?" என்று கேட்டார்கள். விறகுக்குப் போகிறவர்கள் காலையில் மிதிக்கச் சொன்னார்கள், துவைத்துப் போட்டவர்கள் மதியத்துக்கு மேல் மிதிக்கச் சொன்னார்கள்.

மலை வந்த மறுநாளே, புதன்கிழமை, ஈஸ்வரி போன் பண்ணினாள்.

"வீடு ஆடுதுடி."

"மயக்கமா இருக்கும். மோர் குடி."

"மயக்கம்னா நான் ஆடணும், சொவத்துல இருக்கிற காலண்டர் எதுக்கு ஆடுது?"

போனைக் கையில் வைத்துக்கொண்டே போதும்பொண்ணு ஜீப்பைப் பார்த்தாள். ஈஸ்வரி ஜீப்பில் ஏற வேண்டாம், ஈஸ்வரி நடக்க வேண்டாம், ஈஸ்வரி இருக்கிற இடத்தில் இருந்தால் போதும், அவள் வீட்டை அப்படியே ஆஸ்பத்திரி வாசலுக்கு இழுத்து விடலாம். ஆஸ்பத்திரி பட்டறைக்கு அடுத்த கட்டடம்தான்.

"நீ வீட்டை விட்டு எங்கயும் போகாதே" என்றாள். "நான் வரவைக்கிறேன்."

அன்றிலிருந்து அவள் யார் கேட்டும் மிதிக்கவில்லை, அவளே மிதித்தாள். அரை மணிக்கு மேல் மிதித்தால் ரேடியேட்டர் கொதித்தது, அதனால் காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி. ஞாயிற்றுக்கிழமை முதல் வளைவு பட்டறை வாசலுக்கு வந்து, ஒரு நிமிஷம் நின்று, பக்கத்து மடிப்புக்குள் நல்ல பிள்ளையாக நுழைந்துகொண்டது. திங்கட்கிழமை ரெண்டாம் வளைவு, செவ்வாய்க்கிழமை மூணாம் வளைவு. டீசலை ஊர்க்காரர்களே பாட்டிலில் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்கள், அவள் யாருக்காக மிதிக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஒன்பதாம் நாள், நாலாம் வளைவு வந்து நின்றபோது, அந்த வளைவிலிருந்து ஒரு ஆள் இறங்கி வந்தார். மழைக்கோட்டு, முழங்கால் வரைக்கும் சேறு, கையில் குடை. மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் தபால் கொடுக்கிறவர், தங்கய்யன் என்று பேர்.

"இங்க யாரு மலையை இழுக்கிறது?" என்றார், மரியாதையாகத்தான்.

"நான்தான்" என்றாள் போதும்பொண்ணு.

"உங்களுக்கு வந்தா எங்களுக்குப் போகுதுன்னு தோணலையா தங்கச்சி?"

தோணவில்லை. கரட்டுப்பட்டியில் ஒருத்தருக்கும் தோணவில்லை. மலை என்றால் இந்தப் பக்கம் தெரிகிறதுதான் மலை, அதற்கு ஒரு முதுகு இருக்கும், முதுகுக்கும் ஊர் இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. தங்கய்யன் சொன்னார். அந்தப் பக்கம் நிலம் மடியவில்லை, நீண்டுவிட்டது. ஓடை தண்ணியைத் தேடுகிறது. தபாலை மலைக்குக் கொண்டுபோக ஒன்றரை மணி நேரம் நடந்தவர் இப்போது ரெண்டு நாள் நடக்கிறார். அவர் தெருவில் ஒரு பெண்ணுக்கு அடுத்த மாசம் பிரசவம், அவர்களுக்கு ஆஸ்பத்திரி மலையின் அந்தப் பக்கச் சரிவில், உச்சியிலிருந்து ரோடு இல்லாத தோட்டத்து ஆஸ்பத்திரிதான்.

போதும்பொண்ணு கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துணி கறுப்பாகிக் கை வெளுக்கிற வரைக்கும் துடைத்தாள்.

"எனக்கு அக்கா இறங்கணும்" என்றாள். "இறங்கினதும் திருப்பி விட்டுர்றேன்."

"விடத் தெரியுமா?"

அவள் வண்டியில் ஏறி ரிவர்ஸ் கியரைப் போட்டு லேசாக மிதித்தாள். நாலாம் வளைவு ஒரு முழம் பின்னால் போனது. தங்கய்யன் தலையை ஆட்டினார். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து, "அப்ப இங்கயே இருந்து மலையை வாங்கிட்டுப் போறேன்" என்றார். உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை, ரேடியேட்டருக்குத் தண்ணி ஊற்றுகிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

ஆனால் ஒன்று பாக்கி இருந்தது. மலையைத் திருப்பி விடலாம், ஜீப்பை எப்படிச் சரி பண்ணுவது. சரி பண்ணாவிட்டால் நாளைக்கு யார் மிதித்தாலும் மலை வரும். அன்று சாயங்காலம் அவள் சன்னாசி முன்னால் போய் உட்கார்ந்தாள். எட்டு நாளாக அவர் பட்டறைத் திண்டில் சுருண்டுகிடந்தார், வீட்டுக்குச் சாப்பிட மட்டும் போய் வந்தார்.

"பிளேட் நல்லா இருக்கு. இன்ஜின் நல்லா இருக்கு. வண்டி எல்லாத்தையும் காட்டிருச்சு மாமா, நீங்கதான் பாக்கி. செவ்வாய்க்கிழமை முதல் வளைவுல என்ன பண்ணுனீங்க?"

மலையேறுகிற டிரைவர் ஒவ்வொருத்தரும் முதல் வளைவில் வழிவிட்டான் சாமி கல்லுக்கு எதிரில் இன்ஜினை நிறுத்தி, இறங்கி, ஒரு எலுமிச்சம்பழத்தை முன் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு, "வர்றோம் சாமி" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு ஏறினால் சாமி வழிவிடும். அவ்வளவுதான் வழக்கம், யாரும் அதை ஒரு பெரிய வார்த்தையாக நினைத்ததில்லை.

சன்னாசி துண்டை உதறி மறுபடியும் மடித்துப் போட்டார். காமுத்தாயி பக்கத்தில் வந்து, "வாயில என்ன, ஆணியா வெச்சிருக்க? சொல்லித் தொலை" என்றாள்.

"ரெண்டு வருசமா ஒம்பதாம் வளைவுல எனக்குக் கால் நடுங்குது" என்றார் சன்னாசி. "அன்னைக்கு அது என் வண்டி. நான்தான் ஓட்டுனேன். ஒரு குழியில இறக்கிட்டேன், சின்னக் குழிதான், தினம் இறக்குற குழி. அதுலதான் ஈஸ்வரிக்கு வலி வந்துச்சு. திரும்பவும் அவளை என் வண்டியிலயே கூட்டிட்டு வரச் சொன்னா நான் என்ன செய்வேன். செவ்வாக்கிழமை பழத்தை வெச்சேன். 'வர்றோம் சாமி'ன்னு சொல்ல வாய் வரல. 'இருபத்தஞ்சு வருசமா நானேதான் வர்றேன், என்னால முடியல, ஒரு தடவ நீ வா'ன்னு சொல்லிட்டேன்."

தங்கய்யன் டயரின் மேல் உட்கார்ந்தபடியே கையைக் குவித்துக்கொண்டார்.

போதும்பொண்ணுக்கு முதலில் கோபம் வந்தது. சின்னக் குழி என்று அவர் சொன்னது கோபம். அந்தக் குழியை ரெண்டு வருஷமாக யாரும் சொல்லாதது கோபம். அப்புறம் அந்த ஆளின் முழங்கால் உட்கார்ந்திருக்கும்போதே ஆடுவதைப் பார்த்தாள். வெளியே, வாசலை அடைத்துக்கொண்டு, கூப்பிட்ட ஒரு வார்த்தைக்கு எழுந்து வந்த மலை நின்றுகொண்டிருந்தது, இருட்டாக, ஈரமாக, மூச்சு விடுகிற மாடு மாதிரி. முதல் தடவையாக அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனை பேர் எத்தனை வருஷமாக வர்றோம் வர்றோம் என்று சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்கள், அவ்வளவு பெரிய ஒன்றை நீ வா என்று யாரும் கேட்டதில்லை, கேட்டதும் வந்துவிட்டது.

"இப்ப போயி வார்த்தையை மாத்தாதீங்க" என்றாள் சன்னாசியிடம். "ஈஸ்வரி இறங்குற வரைக்கும் வாயைத் தெறக்காதீங்க. அப்புறம் நான் சொல்றப்ப சொல்லுங்க."

வியாழக்கிழமை வரைக்கும் ஆறாம் வளைவுதான் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஈஸ்வரி வீட்டுக்காரன் செல்லப்பாண்டி போன் பண்ணினான். வலி வந்துவிட்டது. பன்னிரண்டு நாள் முன்னதாகவே.

பதினோரு வளைவு பாக்கி. போதும்பொண்ணு வண்டியில் ஏறிக் கியரைப் போட்டு அடி வரைக்கும் மிதித்தாள், மிதித்த காலை எடுக்கவில்லை. ஜீப் கத்தியது, கூரைத் தகரம் அதிர்ந்தது, பதினோரு நாளாக நகராத வண்டி அன்றும் நகராமல் இருந்த இடத்தில் இருந்து கத்தியது, அந்தக் கத்தலைக் கேட்டு ஊரே வந்துவிட்டது, வந்தவர்கள் கேட்காமலே வரிசையில் நின்று கிணற்றிலிருந்து குடம் குடமாகக் கைமாற்றிக் கொடுக்க, வரிசையின் கடைசியில் தங்கய்யன் நின்று கொதிக்கிற ரேடியேட்டருக்கு ஊற்ற, ஏழாம் வளைவு வந்தது, மடிப்புக்குள் போனது, எட்டாம் வளைவு வந்தது, மடிப்புக்குள் போனது, மரங்களும் மைல்கல்லும் வளைவில் ஹாரன் அடிக்கச் சொல்கிற பலகையும், எதிரே வந்துகொண்டிருந்த ஒரு காய்கறி வேனும் அதன் டிரைவரும், ஒவ்வொன்றாகப் பட்டறை வாசலைக் கடந்து போனார்கள், அந்த டிரைவர் வணக்கம்கூடச் சொன்னான்.

ஒன்பதாம் வளைவு வந்தது. பாறையோரத்தில் மூணு கல் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்திருந்தது. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை, சன்னாசி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். ரோட்டில் அந்தக் குழி இருந்தது, நிஜமாகவே சின்னக் குழிதான், ஒரு அண்டா அகலம், மழைத்தண்ணி நின்று அதில் வானம் தெரிந்தது. வரிசையில் இருந்தவர்கள் கையில் இருந்த குடத்தோடு அப்படியே நின்றார்கள். காலை எடுத்தால் அந்த வளைவு அங்கேயே, பட்டறை வாசலிலேயே நின்றுவிடும் என்று போதும்பொண்ணுக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். குழி வானத்தோடு மடிந்து உள்ளே போனது.

பதினேழாம் வளைவு வரும்போது மணி ஒன்று. முதலில் லயத்துக் கூரையில் போட்ட நீலத் தார்ப்பாய் தெரிந்தது, அப்புறம் கொடியில் காய்கிற துணி, அப்புறம் வாசற்படி. வாசற்படி ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே வந்து, பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்கிற மாதிரி, கொஞ்சம் முன்னால் போய்ப் பின்னால் வந்து நின்றது. கதவைத் திறந்துகொண்டு ஈஸ்வரி வந்தாள், ஒரு கை இடுப்பில், ஒரு கை செல்லப்பாண்டி தோளில்.

சுற்றிலும் பார்த்தாள். கரட்டுப்பட்டி முழுக்கக் குடத்தோடு நிற்கிறதைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் காலண்டர் ஆடுச்சா" என்றாள்.

பதினோரு எட்டு. காமுத்தாயி எண்ணினாள். பதினோரு எட்டு வைத்து ஈஸ்வரி ஆஸ்பத்திரிக்குள் போனாள்.

அப்புறம் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மலை ஊரின் நட்டநடுவில், ஆஸ்பத்திரிக் கூரைக்கு மேலே குனிந்து நின்றது, அதன் மேல் மேகம் நின்றது, இலையில் இருந்த தண்ணிகூடச் சொட்டாமல் நின்றது. நாலு மணிக்குப் பிள்ளை அழுதது. பெண். காமுத்தாயி வெளியே வந்து, "அழுதுருச்சு" என்று மட்டும் சொன்னாள், பெண் என்பதை அப்புறம்தான் சொன்னாள். சன்னாசி தரையில் உட்கார்ந்துவிட்டார். தங்கய்யன் அவர் தோளில் கை வைத்து, "எங்க ஊர்ப் பொண்ணுக்கும் இப்படியே ஆகணும்" என்றார். மலையைத் திருப்பிக் கேட்கிறார் என்று எல்லாருக்கும் புரிந்தது.

மறுநாள் காலையில் சன்னாசி குளித்து, ஒரு எலுமிச்சம்பழத்தோடு, மடிப்புக்குள் ஒருச்சாய்த்து நுழைந்து முதல் வளைவுக்குப் போய் வழிவிட்டான் சாமி கல்லுக்கு முன்னால் நின்றார். அவர் கூடவே தங்கய்யன் குடையை எடுத்துக்கொண்டு ஏறினார். "மலை பழைய எடத்துக்குப் போனப்புறம்தான் சொல்லணும்" என்று போதும்பொண்ணு மூணு தரம் சொல்லி அனுப்பினாள். அப்புறம் ரிவர்ஸ் போட்டு மிதித்தாள்.

மலை போனது. லயம் போனது, தார்ப்பாய் போனது, ஈஸ்வரியின் வீடு கதவைச் சாத்திக்கொண்டு போனது, மடிப்புகள் ஒவ்வொன்றாக விரிந்து வளைவுகள் வெளியே வந்து வரிசையாகப் போயின, மேலத்தெரு இருபத்துமூணு வீடும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தன, பெருமாயக்கா காடு விரிந்தது, முதல் வளைவு கடைசியாகக் கிளம்பிக் கல்லையும் கல்லுக்கு முன்னால் நின்ற ரெண்டு பேரையும் சுமந்துகொண்டு சின்னதாகி, நீலமாகி, போய்க்கொண்டே இருந்தது. நாலு தரம் நிறுத்தி ஆறவைத்து மிதிக்க வேண்டியிருந்தது, வெயில் சாய்கிற நேரமாகிவிட்டது.

சன்னாசி அவசரப்பட்டுவிட்டார். இன்னும் பதினஞ்சடி பாக்கி இருக்கும்போதே வாய் வந்துவிட்டது, வந்த வார்த்தையை அவரால் பிடித்து வைக்க முடியவில்லை. "போதும் சாமி, இனி நாங்களே வர்றோம்."

பட்டறையில், மிதித்த காலுக்கு அடியில் போதும்பொண்ணுக்கு ஏதோ பிடித்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான் தெரியும். அடுத்த நொடி ஜீப் ஒரே தாவாகப் பின்னால் தாவித் தகரச் சுவரைப் பெயர்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் காம்பவுண்டில் போய் முட்டி நின்றது. பன்னிரண்டு நாளாக நகராத வண்டிக்கு யார் ஹேண்ட் பிரேக் போடுகிறார்கள்.

ஜன்னலிலிருந்து ஈஸ்வரி, "பிள்ளை தூங்குது, கொஞ்சம் மெதுவா உடைங்க" என்றாள்.

போதும்பொண்ணு தகரத்துக்கு நடுவே உட்கார்ந்தபடியே ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். மூணாவது கியரைப் போட்டாள். க்ளட்சை மெதுவாக விட்டாள். இன்ஜின் ஒரு முக்கு முக்கி, உடம்பை ஒரு தரம் உலுக்கி, செத்தது. அந்த அமைதியில் ரெண்டரை கிலோமீட்டருக்கு அப்பால் முதல் வளைவில் காக்காய் கத்துவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் தங்கய்யன் போன் வந்தது.

"பதினஞ்சடி குறையுது தங்கச்சி. காலால அளந்து பார்த்தேன்."

"தெரியும். வண்டி சரியாயிருச்சு, இனி இழுக்காது, தள்ளாது. என்ன பண்றது?"

போனில் மழைச் சத்தம் கேட்டது.

"பிள்ளைக்கு இருக்கட்டும்" என்றார். "எங்க ஊர்ல நான் சொல்லிக்கிறேன்."

முப்பத்தொண்ணாம் நாள் ஈஸ்வரி பிள்ளையோடு ஜீப்பில் ஏறினாள். யாரும் ஏறச் சொல்லவில்லை. காமுத்தாயி முன் சீட்டை விட்டுக்கொடுத்தாள், அது அதுவரை நடக்காத விஷயம். அதற்கு நாலு நாள் முன்னாலேயே சன்னாசி ஒரு சட்டி சிமெண்டோடு ஒன்பதாம் வளைவுக்குப் போய் வந்திருந்தார். அவர் முழங்காலை ஈஸ்வரி ஒரு தரம் பார்த்தாள். "ஆடுனா ஆடட்டும் மாமா" என்றாள். "மெதுவாப் போங்க."

போதும்பொண்ணு முதல் வளைவு வரைக்கும் கூடப் போய் இறங்கிக்கொண்டாள். சன்னாசி இன்ஜினை நிறுத்தினார், பழத்தை வைத்தார், சொல்ல வேண்டியதைச் சொன்னார், பின்னால் இருந்த பதினாலு பேரும் கூடச் சேர்ந்து சொன்னார்கள். மிதித்தார்.

சத்தம் கொஞ்சமாகத்தான் ஏறியது. மலை இருந்த இடத்தில் இருந்தது. சக்கரம் பழத்தை நசுக்கிக்கொண்டு முன்னால் போனது, வண்டி ஏறியது, பதினாறு பேரையும் ஒரு பச்சைப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, ஒரு ஆள் ஒரு காலை ஒரு அங்குலம் அழுத்தினதற்காக, அவ்வளவு எடையும் மேட்டைப் பார்த்து ஏறிப் போனது. இருபத்தாறு வயசில் அவள் ஆயிரம் தரம் பார்த்த காட்சிதான். வளைவு திரும்பும்போது காமுத்தாயி பின் சீட்டிலிருந்து தலையை நீட்டி, "வாயை மூடுத்தா, ஈ போயிரப் போகுது" என்று கத்தினாள். போதும்பொண்ணு மூடவில்லை. ரெண்டாம் வளைவிலும் வண்டி தெரிகிற வரைக்கும் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.